மைனர் டிகிரியில் இட ஒதுக்கீடு எங்கே?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் படிக்கிறான், நான்காம் செமஸ்டர். கள்ளக்குறிச்சிப் பக்கம் சேரியிலிருந்து வந்தவன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, வீட்டில் முதல் பட்டதாரி.

"அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் மைனருக்கு அப்ளை பண்ணேன். சிஜிபிஏ 7.5 வேணுமாம். எனக்கு 7.07 தான் இருக்கு. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல ஒரு அரியர் வச்சு கிளியர் பண்ணியிருந்தேன், அதையும் சொல்லிக் காட்டினாங்க. நம்ம கோட்டா இதுக்குக் கிடையாதாண்ணா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. விதிகளை எடுத்து வைத்துப் படித்தேன். கிடையாது என்பதுதான் பதில். ஏன் கிடையாது என்று இதுவரை யாரும் உரக்கக் கேட்கவில்லை. அதனால் கேட்கிறேன்.

மைனர் டிகிரி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று ஏதோ ஒரு பிரிவில் சேர்ந்த மாணவர், தன் பட்டத்தோடு இன்னொரு துறையில் கூடுதலாகச் சில பாடங்களைப் படித்து முடித்தால், அந்தத் துறையும் பட்டத்தில் குறிக்கப்படும். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐஓடி, பிளாக்செயின் போன்ற புதிய துறைகளில் 18 முதல் 20 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் மைனர் தரலாம் என்றது ஏஐசிடிஇ. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையிலும் கூடுதலாக 18 கிரெடிட் என்ற ஏற்பாடு உண்டு. ஐஐடிகளில் இது பழைய வழக்கம்.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். நல்ல விஷயம்தான். அதனால்தான் அது யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கவுன்சிலிங்கில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ இடங்கள் முதலில் தீரும். நல்ல கல்லூரி என்றால் எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி பட்டியலிலும் அவைதான் முதலில் தீரும். கட் ஆஃப் குறைவாக எடுத்த அரசுப் பள்ளி மாணவர் தன் முறை வரும்போது மீதமிருக்கும் சிவிலையோ மெக்கானிக்கலையோ எடுத்துக்கொள்கிறார். மூன்று வருடம் கழித்து வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை சாஃப்ட்வேர் நிறுவனங்கள். கவுன்சிலிங்கில் கிடைக்காத துறைக்குள் நுழைய அந்த மாணவருக்குக் கல்லூரிக்கு உள்ளேயே இருக்கும் ஒரே வழி இந்த மைனர். அதாவது, இது இரண்டாவது அட்மிஷன்.

முதல் அட்மிஷனில் நமக்குச் சட்டம் இருக்கிறது. செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு அடிபட்டபோது, 1951-இல் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. 1994-இல் தமிழ்நாட்டின் 69 சதவீதச் சட்டம் 76-ஆவது திருத்தத்தின் மூலம் ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது. 2006-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமும் மத்தியச் சட்டமும் ஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடச் சொல்கின்றன? ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஆண்டுதோறும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் என்று.

"ஒவ்வொரு பாடப்பிரிவிலும்" என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. அது இல்லையென்றால் என்ன ஆகும்? நம் பிள்ளைகள் அனைவரையும் ஆள் சேராத பிரிவுகளில் போட்டுவிட்டு, மொத்தத்தில் 18 சதவீதம் வந்துவிட்டது என்று கல்லூரி கணக்குக் காட்டிவிடும். அந்த வழியை அடைக்கத்தான் பிரிவுவாரிக் கணக்கு. மைனர் வந்ததும் அதே வழி பின்பக்கமாகத் திறந்துவிட்டது. மைனருக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் என்ற கணக்கு கிடையாது. மாணவர் ஏற்கெனவே சேர்ந்தவர், இது புதிய சேர்க்கை இல்லை என்கிறார்கள். ஆக ரோஸ்டரும் இல்லை. மிச்சம் இருப்பது சிஜிபிஏ மட்டும். துறை முப்பது பேருக்கு இடம் என்று முடிவு செய்தால், மேலிருந்து முப்பது பேர். 7 என்றோ 7.5 என்றோ 8 என்றோ ஒரு கோடு கிழித்தால், கோட்டுக்கு மேலே இருப்பவர்கள். மயிரிழையில் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவறவிட்டு ஈசிஇ எடுத்தவருக்கு அது இரண்டாம் வாய்ப்பாக அமைகிறது. சேரியிலிருந்து சிவிலுக்கு வந்தவருக்கு இரண்டாம் முறையும் கதவு சாத்தப்படுகிறது.

"மெரிட்படி கொடுக்கிறோம், இதில் என்ன சாதி?" என்பார்கள். சரி, அந்த மெரிட்டையே பார்ப்போம்.

அந்தத் தம்பியின் மூன்று செமஸ்டர் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கினேன். முதல் செமஸ்டர் 6.0. இரண்டாவது 7.0. மூன்றாவது 8.2. கிரெடிட் ஏறக்குறைய சமம் என்று வைத்தால் சராசரி 7.07. இப்போது இன்னொரு மாணவரைக் கற்பனை செய்யுங்கள். முதல் செமஸ்டர் 8.2, இரண்டாவது 7.6, மூன்றாவது 7.0. சராசரி 7.6. ஒருவர் ஏறிக்கொண்டே வருகிறார், மற்றவர் இறங்கிக்கொண்டே போகிறார். ஏறுகிறவரை வெளியே நிறுத்தி, இறங்குகிறவரை உள்ளே விடும் அளவுகோலுக்குத்தான் மெரிட் என்று பெயர்.

முதல் செமஸ்டர் மதிப்பெண் எதை அளக்கிறது என்று நம் அனைவருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஜூலையிலோ ஆகஸ்டிலோ கல்லூரிக்கு வந்து, நவம்பர் டிசம்பரில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறோம். வகுப்பில் பாதி புரிவதற்கே அந்த நான்கு மாதம் போதாது. அந்த மதிப்பெண் மாணவரின் பள்ளியை அளக்கிறது, வீட்டில் இதற்கு முன் யாராவது கல்லூரி படித்தார்களா என்பதை அளக்கிறது. அதையே கொண்டுவந்து மூன்றாம் ஆண்டு வாய்ப்புக்கு நுழைவுச்சீட்டாக வைக்கிறார்கள். நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளைத் தள்ளி வைக்கிறது என்றுதானே பொறியியல் சேர்க்கைக்கு அதை ஒழித்தோம்? ஒழித்ததை வேறு பெயரில் கல்லூரிக்குள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த சிஜிபிஏ-வுக்குள் என்னென்ன இருக்கின்றன? பொறியியல் இயற்பியல், பொறியியல் வேதியியல், ஆங்கிலம், பொறியியல் வரைபடம். சிவில் மாணவர் என்றால் சர்வேயிங்கும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் குழாயில் எப்படி ஓடுகிறது என்ற தேர்வில் எத்தனை வாங்கினாய் என்று கேட்கிறார்கள்.

முன்தகுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புரோகிராமிங் தெரியாமல் அல்காரிதம் வகுப்பில் உட்கார்ந்தால் மாணவருக்குத்தான் கஷ்டம். புரோகிராமிங் பாடத்தில் தேறியிருக்க வேண்டும் என்று விதி போடட்டும், கணிதத்தில் தேறியிருக்க வேண்டும் என்று போடட்டும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பைத்தான் புரோகிராமிங் முதல் செமஸ்டரிலேயே சிவில் மாணவருக்கும் உண்டு. அதில் தேறியவரிடம் தேவையான முன்தகுதி இருக்கிறது. அதற்கு மேல் 7.5 என்று கேட்பது கூட்டத்தைக் குறைக்க. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால், யாரைக் குறைப்பது என்பது சமூகநீதிக் கேள்வி. ஒரு துறைத்தலைவர் தன் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிற விஷயம் இல்லை.

"ஆய்வகம் இல்லை, ஆசிரியர் இல்லை, அதனால் இடம் குறைவு" என்று அடுத்த பதில் வரும். 2024-25 முதல் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதன் பிறகு தனியார் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் செக்‌ஷன் மேல் செக்‌ஷனாகத் திறந்தன. மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டி வருகிறவருக்கு ஆய்வகம் இருக்கிறது, ஆசிரியரும் கிடைக்கிறார். பக்கத்துக் கட்டிடத்தில் சிவில் படிக்கிற மாணவருக்கு மட்டும் நாற்காலி இல்லை.

கட்டணத்துக்கு வருவோம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, கட்டாயமாகச் செலுத்த வேண்டிய, திருப்பித் தரப்படாத கட்டணங்களுக்குத்தான். 2012-இன் அரசாணை 92-ஐ வைத்து சுயநிதிக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் படிப்பதும் அந்த ஏற்பாட்டில்தான். மைனர் விருப்பப் பாடம். கல்லூரி அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால், "கட்டாயம்" என்ற சொல்லுக்குள் அது வராது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால்தான் உதவித்தொகையே. அந்த வீட்டில் விருப்பப் பாடத்துக்குத் தனியாகப் பணம் எங்கிருந்து வரும்?

நேரமும் பணம்தான். 18 கிரெடிட் என்பது மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு. வாரம் மூன்று மணி நேரம், பதினைந்து வாரம் என்றால் ஒரு பாடத்துக்கு 45 மணி. ஆறுக்கும் 270 மணி. வழக்கமான வகுப்புகளுக்கு மேல் இதை எங்கே வைப்பார்கள்? மாலை நான்கு மணிக்குப் பிறகு, இல்லையென்றால் சனிக்கிழமை. கல்லூரிப் பேருந்தை விட்டால் ஊருக்குப் போக வழியில்லாத பெண் பிள்ளை என்ன செய்வாள்? சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போய்தான் மெஸ் பில் கட்டுகிறேன் என்கிற பையன் என்ன செய்வான்? "ஆர்வம் இருந்தால் வருவார்கள்" என்று சொல்வது சுலபம்.

பொறியியலோடு இது நிற்கப்போவதில்லை. யுஜிசி 2022-இல் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 24 கிரெடிட், நான்காண்டுக்கு 32 கிரெடிட் மைனருக்கு. அங்கே மைனர் பட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. யாருக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், யாருக்கு ஆள் சேராத பாடம் என்பது மறுபடி துறைகளின் கையில். அதே கட்டமைப்பில் நான்காம் ஆண்டு ஆய்வுடன் கூடிய ஹானர்ஸுக்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். அட்மிஷனில் நம்மை உள்ளே விட வேண்டியிருக்கிறது என்பதால், உள்ளே ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போடுகிறார்கள்.

1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்று. தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. தீர்மானம் நிறைவேறிய பிறகும் எத்தனை ஊர்களில் எத்தனை ஆண்டுகள் சண்டை போட வேண்டியிருந்தது என்பது நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியும். பொது என்று எழுதியிருப்பதாலேயே எதுவும் பொது ஆகிவிடாது. மைனரும் "அனைத்து மாணவர்களுக்கும்" என்றுதான் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை இவை. மைனருக்கு இட வரம்பு இருந்தால், அந்த இடங்களுக்கு ரோஸ்டர் வேண்டும். இட வரம்பு இல்லையென்றால் சிஜிபிஏ கோடு வேண்டாம், தேவையான பாடங்களில் தேர்ச்சி போதும். முன்பு அரியர் இருந்து தேறியதைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்தக் கூடாது. மைனர் கட்டணத்தை உதவித்தொகைக்குள் கொண்டுவர அரசு ஆணை வேண்டும். வகுப்புகள் பகல் கால அட்டவணைக்குள் வர வேண்டும். விரும்பும் மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இணைப்பு வகுப்பு வேண்டும்.

இதற்கு முதல் வேலை, கணக்கை வெளியே கொண்டுவருவது. மாணவர் தோழர்களே, உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியோ உதவி பெறுவதோ என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். சுயநிதி என்றால் பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் போடுங்கள். கம்ப்யூட்டர் சார்ந்த ஒவ்வொரு மைனருக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அதில் எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி எத்தனை, என்ன சிஜிபிஏ-வில் நிறுத்தினார்கள், கட்டணம் எவ்வளவு, இட வரம்பை யார் முடிவு செய்தது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "சாதிவாரியாகத் தகவல் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு ஆதாரம்தான். அதை எடுத்துக்கொண்டு எஸ்சி/எஸ்டி செல்லுக்கும் ஆணையத்துக்கும் போவோம்.

தம்பிக்கு அன்று இரவே போன் செய்தேன். "கோட்டா இல்லை தம்பி, ஆனா இருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மனு எப்படிண்ணா எழுதணும்?" என்று கேட்டான். அவன் வகுப்பிலிருந்து இன்னும் நான்கு பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்களாம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர்?

ஜெய்பீம்.