குளிர் பிளக் பெருமைக்கு அல்ல

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் மைவி, கஞ்சில், பழைய சாகா கார்களை மாற்றியமைத்து ஓட்டும் நம் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். எக்சாஸ்ட், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றியதும் அடுத்து அவர்கள் தேடுவது 'கோல்ட் பிளக்'. அது போட்டால் வேகம் கூடும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறானது.

பிளக்கின் சூடும் குளிரும் தீப்பொறியின் பலத்தைக் குறிப்பவை அல்ல. எரியறையில் பிளக்கின் நுனி வாங்கும் வெப்பத்தை எவ்வளவு விரைவாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் குறிக்கின்றன. உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும். அது சூட்டு பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் குளிர் பிளக்.

நுனியின் வெப்பம் ஏறக்குறைய 500 முதல் 850 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரி எரியாமல் படிந்து, தீப்பொறி தடுமாறும். மேலே போனால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே நுனியின் சூடே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். அலுமினிய பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான்.

நம் வட்டார ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து மண் சாலையில் ஊர்ந்து, கடைக்கும் பள்ளிக்கும் போய்த் திரும்பும் காரில் குளிர் பிளக் 500 டிகிரியைத் தொடுவதே கடினம். எரியாத பெட்ரோல் எக்சாஸ்டுக்குள் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலைக்கு எத்தனையோ செட் பிளக் வாங்கலாம்.

டர்போ பொருத்தி, லாத்தார் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரட்டும் காரின் கதை வேறு. அதற்குக் குளிர் பிளக் அவசியம். சுமார் 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி குளிர்ச்சி என்பது பொதுவான கணக்கு. ஒரு படி மாறினால் நுனியில் 70 முதல் 100 டிகிரி வரை குறையும்.

எண்ணிலும் கவனம் தேவை. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி. போஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடு. நிறுவனம் மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தலைகீழாகிவிடும்.

இடைவெளியும் முக்கியம். அழுத்தம் கூடினால் மின்பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷென் 1889-இல் விளக்கினார். அதனால்தான் டர்போ எஞ்சினில் இடைவெளியைக் குறைக்கிறார்கள். இரிடியம் பிளக்கின் சிறப்பு, மெல்லிய நுனியால் பொறி எளிதில் தாண்டுவதும் நீடித்த உழைப்பும்தான். அது குதிரைத்திறனைக் கூட்டித் தரும் மந்திரம் அல்ல.

ஆகவே நண்பர் சொன்னார் என்று வாங்காதீர்கள். முதலில் பழைய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் அதே எண் போதும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பிளக் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கலாம், அல்லது பெட்ரோல் அதிகமாகப் போகலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் உடனே பட்டறைக்குப் போங்கள்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செய்த மாற்றத்தையும், பிளக் எண்ணையும், இடைவெளியையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காரைச் சீர்செய்யும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி, ஓர் எஞ்சினையே காப்பாற்றிக் கொடுக்கும்.