தொடர் ஏரிகளுக்குத் துண்டு நிர்வாகமா?
வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதான தூர்வாரும் பணிகளை ஏரி ஏரியாகத் திட்டமிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். தமிழகத்தின் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி, கண்மாய்களில் பல, மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும்படி சங்கிலியாக அமைந்தவை. நிர்வாகமோ துண்டுபட்டுக் கிடக்கிறது: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். இடையிலுள்ள வரத்துக்கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டால் (பெரும்பாலும் நடப்பது அதுதான்) கேட்பாரில்லை. கரை உயர்த்திய ஏரியும் வறண்டே கிடக்கும். 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் உருவாக்கிய நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஏரித்தொடர் அளவில் இணைத்து, நிதியையும் கால்வாய்களைக் காக்கும் அதிகாரத்தையும் அரசு வழங்க வேண்டும். தொடர் முழுமைக்குமான மதிப்பீடு இல்லாத எந்தத் தூர்வாரும் பணிக்கும் இனி ஒப்புதல் அளிக்கக் கூடாது.