உடம்பு உளைவும் வயிற்றுக்குள் இருக்கும் உயிர்களும்



பேசாலையிலோ வங்காலையிலோ சிலாவத்துறையிலோ பெண்கள் கூட்டத்துக்குப் போனால், கூட்டம் முடிந்த பிறகுதான் உண்மைக் கதை தொடங்கும். "அக்கா, உடம்பெல்லாம் ஒரே உளைவு. கழுத்து, தோள், முதுகு, கால்... விடிய எழும்பவே ஏலாது. எக்ஸ்ரேயில ஒண்டுமில்லையாம். வீட்டில நடிப்பு எண்டு சொல்லுகினம்." அந்த 'நடிப்பு' என்ற சொல்லுக்காகத்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

இப்படியான வருத்தம் ஒன்றுக்கு பைப்ரோமயல்ஜியா என்று பெயர். பெண்களுக்கே கூடுதலாக வரும். இரத்தப் பரிசோதனையில் தெரியாது. 2019இல் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த வருத்தமுள்ள 77 பெண்களின் மலத்தை வருத்தம் இல்லாதவர்களின் மலத்தோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 20 வகைப் பற்றீரியாக்களின் அளவு வேறுபட்டிருந்தது. நோவும் களைப்பும் கூடியவர்களிடம் அந்த வேறுபாடும் கூடியிருந்தது.

வருத்தத்தால் பற்றீரியா மாறியதா, பற்றீரியா மாறியதால் வருத்தம் வந்ததா? 2025இல் வெளிவந்த அவர்களது அடுத்த ஆய்வில், வருத்தமுள்ள பெண்களின் குடல் நுண்ணங்கிகளை எலிகளுக்குள் செலுத்தினார்கள். எலிகளுக்கு நோ கூடியது. நலமான பெண்களின் நுண்ணங்கிகளைக் கொடுத்தபோது குறைந்தது. பிறகு கடும் வருத்தமுள்ள 14 பெண்களுக்கும் நலமானவர்களின் நுண்ணங்கிகள் கொடுக்கப்பட்டன. பெரும்பாலானோருக்கு நோ குறைந்தது. ஆனால் 14 பேர் மிகச் சிறிய தொகை, ஒப்பிட வேறு குழுவும் இருக்கவில்லை. ஆகவே மருந்து கிடைத்துவிட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நோ நடிப்பல்ல என்பதற்கு மட்டும் இது போதும்.

குடலுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எங்களுக்குச் சமிக்காத நார்ப்பொருளைப் பெருங்குடலின் பற்றீரியாக்கள் உண்டு, குடற்சுவரைக் காக்கும் அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை அழற்சியைத் தணிக்கும். குடலிலிருந்து மூளைக்கு நரம்பு வழியும் உண்டு. நீண்டகாலப் பயமும் நித்திரைக் குறைவும் இந்த உயிர்களையும் குழப்பும். 1990இலும் 2007இலும் 2009இலும் மூட்டை கட்டி ஓடிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முகாமில் நிவாரண மாவுக்குப் பழகிய நாக்கை, சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கையிலை, பனங்கிழங்கு, தயிர் பக்கம் திருப்பலாம். இவை உளைவைச் சுகப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை, குடலுக்கு நல்லது. வயிறு ஊதினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். போத்தலில் விற்கும் 'நல்ல பற்றீரியா' குளிசைக்குக் காசு கரைக்க வேண்டாம்.

எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. கருவாட்டு வாடிக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் டைக்ளோபெனக் போடுகிற பழக்கம். இந்த வகை நோவுக்கு அது பெரிதாக உதவாது, இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வைத்தியர் சொல்லாமல் அன்ரிபயோட்டிக் போட்டால் நல்ல உயிர்களும் சேர்ந்தே சாகும்.

மூட்டு வீக்கம், காய்ச்சல், மெலிவு, மலத்தில் இரத்தம் இருந்தாலோ, உடம்பில் செல் துண்டு இருக்கும் இடத்தில் நோவெடுத்தாலோ அது வேறு காரணம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எங்கே நோகிறது, எத்தனை மணிநேரம் நித்திரை, மலச்சிக்கலா வயிற்றோட்டமா. கிளினிக்கில் அந்தக் கொப்பியை நீட்டுங்கள். வயிற்றுக் கதையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.