மண்புழு நம் தோழன்

"உழவனின் நண்பன் மண்புழு" என்று பாடநூலில் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் காலையில் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டி அள்ளும்போது அந்த நண்பனின் நினைவு நமக்கு வருகிறதா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் ஊர்களிலிருந்து நாம் பள்ளிக்கு வருகிறோம். நம்மில் பலர் வீட்டில் கறவை மாடும் வெள்ளாடும் உண்டு. அவற்றின் சாணமும் புழுக்கையுமோ குப்பைமேட்டில் கிடந்து வெயிலில் காய்கின்றன. மழையில் கரைந்து ஓடுகின்றன. வீட்டுச் சத்து இப்படி வீணாக, நம் தந்தையர் கடன்பட்டு உரமூட்டை வாங்குகின்றனர். இது முறைதானா?

அறிஞர் சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஏக்கருக்கு 10 டன்னுக்கும் மேலான மண் அவற்றின் உடல் வழியே சென்று மேலே வருவதாகக் கணக்கிட்டார். நம் தமிழகத்திலும், சென்னை புதுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் நம் மண்ணின் புழுக்களையே வளர்த்து உரமாக்கலாம் என்று எடுத்துக் காட்டினார்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நிழலில் ஒரு தொட்டி. அடியில் உடைத்த செங்கல்லும் மணலும். மேலே சாணமும் சருகும். புதுச் சாணத்தின் சூட்டில் புழு மாண்டுவிடும்; ஆகவே இரண்டு மூன்று வாரம் ஆறிய சாணமே வேண்டும். மண்புழு தோலால் மூச்சு விடுவது. எனவே ஈரம் காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. எறும்பும் கோழியும் அண்டாமல் காத்தால், ஏறத்தாழ 2 மாதத்தில் தேயிலைத்தூள் போன்ற உரம் கிடைக்கும்.

இது ஒன்றே எல்லாப் பயிருக்கும் போதும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் மண் பொலபொலப்பாகும், ஈரம் தாங்கும், வாங்கும் மூட்டையும் குறையும் அன்றோ?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சாணம் அள்ளுவது பெண்கள் வேலை. உரவிலை பேசுவது ஆண்கள் வேலை என்றே இன்னும் இருக்கிறது. வீட்டில் சாணம் அள்ளுவதைத் தோழியரிடம் சொல்லக் கூசுவோரும் நம்மிடையே உண்டு. கூச்சம் எதற்கு? அள்ளும் கைக்கே அதை உரமாக்கும் அறிவும், விற்ற காசும் சேரட்டும்.

நம் பள்ளித் தோட்டத்தில் ஒரு தொட்டி அமைத்துத் தருமாறு அருட்சகோதரியரை வேண்டுகிறோம். பெற்றோரே, வீட்டு வேப்பமர நிழலில் ஒரு மூலையை எங்களுக்கு விடுங்கள். படித்ததைச் செய்து காட்டுவோம்!