விமானிகளின் மூப்பும் முதுமையும்

2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி, நியூயோர்க் நகரின் ஓரமாக ஓடும் ஹட்சன் ஆற்றில் ஒரு பிரயாணி விமானம் இறங்கியது. பறவைக் கூட்டமொன்று மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்த நிலையில், கப்டன் செஸ்லி சலன்பேகர் அதனை நீரின்மேல் இறக்கினார். விமானத்திலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். உலகம் அவரைக் கொண்டாடிற்று. அடுத்த மாதம் 24ஆந் திகதி அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றின் முன்னிலையில் அவர் சாட்சியம் அளித்தார். வீரக் கதையைக் கேட்க வந்தவர்கள் வேறொரு கதையையும் கேட்க நேர்ந்தது. தமது சம்பளத்தில் நூற்றுக்கு 40 குறைக்கப்பட்டதையும், தாம் நம்பியிருந்த இளைப்பாற்றுச் சம்பளம் பறிபோனதையும், தம் பிள்ளைகளும் இத்தொழிலுக்கே வரவேண்டும் என விரும்பும் விமானி ஒருவரையேனும் தாம் அறியாததையும் அவர் எடுத்துரைத்தார்.

இவ்விரு தினங்களுக்கும் இடையில், பெப்ரவரி 12ஆந் திகதி இரவு, பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் கம்பனியின் சிறு விமானமொன்று ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். ஒரு விமானி புகழின் உச்சியில் நின்று முறையிட்டார். மற்ற இருவர் முறையிட இல்லாமற் போயினர். ஆயினும் மூவருடைய வாழ்க்கையையும் வகுத்தமைத்த ஏற்பாடு ஒன்றேதான். அதனை விளங்கிக்கொள்வதற்கு நாம் ஓர் எண்ணிலிருந்து தொடங்கவேண்டும்.

அமெரிக்க விமானக் கம்பனியிற் சேரும் ஒவ்வொரு விமானிக்கும் சேவை மூப்புப் பட்டியலில் ஓர் எண் உண்டு. சேர்ந்த நாளே அந்த எண்ணை நிர்ணயிக்கின்றது. திறமையன்று, மேலதிகாரியின் தயவுமன்று. எந்த வகை விமானத்தில் ஏறுவது, கப்டனின் இடப்புற ஆசனத்தில் அமர்வதா, துணை விமானியின் வலப்புற ஆசனத்தில் அமர்வதா, எந்த நகரைத் தளமாகக் கொள்வது, எந்த மாதத்தில் விடுமுறை எடுப்பது, நத்தார்ப் பண்டிகையை வீட்டிற் கழிப்பதா ஆகாயத்திற் கழிப்பதா என்பன யாவும் அந்த எண்ணாலேயே தீர்கின்றன. மாதந்தோறும் பறப்பு அட்டவணைகள் வெளியாகும். ஒவ்வொருவரும் தமது விருப்பத்தைத் தெரிவிப்பர். பட்டியலின் தலையில் நிற்பவர் கேட்டதைப் பெறுவார். அடுத்தவர் எஞ்சியதிற் கேட்டதைப் பெறுவார். அடியில் நிற்பவருக்குக் கிடைப்பது மற்றெவரும் வேண்டாதது. அதுவும் இல்லையேல், தொலைபேசி எப்போது ஒலிக்குமோ என்று காத்திருக்கும் ஒதுக்குப் பட்டியல் உண்டு. இதனை அவர்கள் ஏலம் என்றே சொல்கின்றார்கள். பொருத்தமான சொல்தான், ஆனால் இவ்வேலத்திற் பணம் செல்லாது, ஆண்டுகளே செல்லும்.

இம்முறையைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. சிறந்தவன் முன்னேறாது பழையவன் முன்னேறுவதா என்று அவர்கள் கேட்கின்றார்கள். இக்கேள்வி கல்விச்சாலைகளிலும் காரியாலயங்களிலும் கேட்கப்படுவதே. ஆனால் விமானத்தில் இதற்கு வேறொரு விடை உண்டு. அமெரிக்க விமானிகள் 1931இல் தொழிற்சங்கம் அமைத்த காலத்திற் பறப்பு மிக ஆபத்தான தொழிலாக இருந்தது. மாதத்துக்கு 85 மணித்தியாலத்துக்கு மேற் பறக்கக்கூடாது என்ற வரம்பையே அவர்கள் போராடித்தான் 1934இற் பெற்றார்கள். முகில் கவிந்திருக்கிறது, நான் புறப்படமாட்டேன் என்று சொல்லும் விமானியை முகாமையாளர் பழிவாங்க முடியாதிருக்கவேண்டுமாயின், அவனுடைய முன்னேற்றம் முகாமையாளரின் கையில் இருத்தலாகாது. மூப்பு எண் அந்தக் காவலைத் தருகின்றது. ஆகவே இதனை ஒழித்துவிடுக என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை.

குறை வேறிடத்தில் இருக்கின்றது. அந்த எண்ணை ஒரு கம்பனியின் வாயிலுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. இருபத்தைந்து ஆண்டு கப்டனாக இருந்தவர் வேறொரு கம்பனிக்குச் சென்றால், அங்கே நேற்றுச் சேர்ந்த இளைஞனுக்கும் பின்னால் நிற்பார். முதலாண்டுச் சம்பளமே பெறுவார். மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ இந்தக் கதி இல்லை. ஈஸ்டர்ன் கம்பனியும், உலகெங்கும் பெயர் பெற்ற பான் அமெரிக்கன் கம்பனியும் 1991ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, அனுபவம் மிக்க விமானிகள் பலர் ஒரே நாளில் எண்ணற்றவர்களாயினர்.

கம்பனிகள் மூடப்படாது ஒன்றோடொன்று இணையும்போதோ, இரு பட்டியல்களை ஒன்றாகப் பின்னவேண்டிய வில்லங்கம் வருகின்றது. யூ.எஸ். ஏர்வேய்ஸ் கம்பனியும் அமெரிக்கா வெஸ்ட் கம்பனியும் 2005இல் இணைந்தன. 2007இல் நடுவர் ஒருவர் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை ஏற்காத பழைய கம்பனியார், பெரும்பான்மையராக இருந்த காரணத்தால், 2008இல் தம் சங்கத்தையே நீக்கிவிட்டு வேறு சங்கம் கண்டனர். வழக்கின்மேல் வழக்காக ஆண்டுகள் கழிந்தன. 2013இல் அக்கம்பனி மூன்றாவது கம்பனி ஒன்றோடு இணைந்தபோதும் விவகாரம் தீர்ந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வேலி வழக்குகளை அறிந்த வாசகர்களுக்கு இதில் வியப்பு இராது. ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுபவனுக்கு அந்த ஒரு முழத்தின் அருமை தெரியும்.

எண்ணைக் கைவிட முடியாதவன் வீட்டைக் கைவிடவேண்டும், அல்லது வழியிற் கிடந்து உழலவேண்டும். கம்பனிகள் தளங்களைத் திறப்பதும் மூடுவதும் தம் இலாபத்தை நோக்கியே. விமானியின் மனைவிக்கு ஓர் ஊரில் உத்தியோகம். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். அவனுக்குக் கிடைத்த தளமோ ஆயிரம் மைலுக்கு அப்பால். சலன்பேகர் கலிபோர்னியாவில் வசித்தார். அவருடைய தளம் கண்டத்தின் மறுகரையோரம் வட கரோலினாவில் உள்ள சார்லட். இப்படிப்பட்டோர் விமானங்களில் மீந்த ஆசனங்களிலோ, விமானி அறையின் மடக்கு ஆசனத்திலோ ஏறிக் கடமைக்குச் செல்கின்றனர். இடமில்லையாயின் அடுத்த விமானம், அதுவுமில்லையாயின் அதற்கு அடுத்தது. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள கியூ கார்டன்ஸ் என்னும் இடத்தில், ஒரே அறையிற் பல அடுக்குக் கட்டில்களை இட்டு விமானிகளும் பணிப்பெண்களும் வாடகை பகிர்ந்து தங்குவதால், ஆங்கிலத்தில் ஓரெழுத்து ஒலியைச் சேர்த்து அவ்விடத்தைக் குரூ கார்டன்ஸ், அதாவது விமானச் சிப்பந்திகளின் தோட்டம், என்று வேடிக்கையாக வழங்குகின்றனர்.

வேடிக்கை அத்துடன் முடிந்துவிடுகின்றது. பஃபலோவில் வீழ்ந்த விமானத்தின் இரு விமானிகளுக்கும் நியூவார்க்கே தளம். கப்டனின் வீடு புளோரிடாவில். துணை விமானி மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலிலிருந்து முன்னிரவு புறப்பட்டு, சரக்கு விமானங்களில் மெம்பிஸ் வழியாக இரவு முழுதும் பிரயாணஞ் செய்து காலையில் நியூவார்க் வந்து சேர்ந்தார். சிப்பந்திகளின் அறையிற் பெற்றதே அவர்தம் ஓய்வு. அத்தளத்திலிருந்த அக்கம்பனியின் 137 விமானிகளுள் 93 பேர் இவ்வாறு வெளியூரிலிருந்து வருபவர்கள் என்றும், அவர்களுள் 29 பேர் ஆயிரம் மைலுக்கும் அப்பாலிருந்து வந்தனர் என்றும் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் வெளியாயிற்று. விபத்துக்குக் காரணம் எச்சரிக்கைக்குக் கப்டன் காட்டிய தவறான எதிர்வினையே எனச் சபை முடிவு செய்தது. களைப்பு அவர்களின் செயலைப் பாதித்திருக்கக் கூடும், எவ்வளவு என்று அறுதியிட முடியாது என்பது சபையின் கூற்று.

அதன் பின்னர் சட்டங்கள் திருந்தின. கடமை நேரத்தையும் ஓய்வையும் வரையறுக்கும் புதிய விதிகள் 2014 ஜனவரியில் அமுலுக்கு வந்தன. தூரப் பிரயாணம் பற்றித் தனியே ஓர் ஆய்வும் 2011இல் வெளிவந்தது. எனினும் கடிகாரம் இன்றும் விமானி கடமைக்கு முன்னிலையாகும் கணத்திலிருந்தே ஓடத் தொடங்குகின்றது. முந்திய இரவு அவனுடைய சொந்த விஷயம். தான் பறப்பதற்குத் தகுதியுடையவன் என்று அவன் உறுதி கூறினாற் போதும். வராமலிருந்தால் என்ன ஆகும் என்பதை நன்கு அறிந்தவன் அந்த உறுதியை எந்த மனத்தோடு கூறுவான்?

இத்தனையையும் அவன் ஏன் பொறுத்தான்? முடிவில் இளைப்பாற்றுச் சம்பளம் இருக்கின்றது என்பதனாலேயே. பழைய திட்டங்களில் அச்சம்பளம் சேவை ஆண்டுகளையும் இறுதிக்காலச் சம்பளத்தையும் கொண்டு கணிக்கப்பட்டது. எனவே எண் உயர உயர முதுமைக்கான காப்பும் உயரும். 1963இல் ஸ்ரூடிபேக்கர் மோட்டார்க் கம்பனி தன் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் தம் இளைப்பாற்றுச் சம்பளத்தை இழந்தனர். அந்தப் பாடத்தின் பயனாக 1974இற் சட்டம் பிறந்தது. கம்பனி வீழ்ந்தாலும் ஓரளவேனும் கொடுக்கும் அரசாங்கக் காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் தோன்றிற்று.

2001 செப்டம்பருக்குப் பின் விமானக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வங்குரோத்து நீதிமன்றை நாடின. யூ.எஸ். ஏர்வேய்ஸ் விமானிகளின் திட்டம் 2003இலும், யுனைட்டட் கம்பனியின் திட்டங்கள் 2005இலும், டெல்டா விமானிகளின் திட்டம் 2006இலும் கைவிடப்பட்டன. யுனைட்டட்டின் திட்டங்களில் மாத்திரம் 980 கோடி டொலர் குறைந்திருந்தது. காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பொறுப்பேற்றது 660 கோடி. மீதி ஊழியர்களின் நட்டம். டெல்டாவிலோ, பாதித் தொகையை ஒரேயடியாகப் பெற்றுக்கொள்ள வழி இருந்தமையால், அது போய்விடும் முன்னர் பெறவேண்டுமென்று மூத்த விமானிகள் முன்கூட்டியே இளைப்பாறத் தொடங்கினர். விமானம் ஓட்ட ஆளின்றிப் போகுமென அஞ்சி, இளைப்பாறியவர்களையே சிறிது காலத்துக்கு மீளவழைக்க 2004இற் கம்பனி சங்கத்தோடு ஒப்பந்தம் செய்ய நேரிட்டது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பிரயாணி விமானங்களின் விமானி 60 வயதில் விலகவேண்டும் என்பது 1959இற் பிறப்பிக்கப்பட்ட அரசாங்க விதி. ஆனால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 65 வயதையே இளைப்பாறும் வயதாகக் கொண்டது; அதற்கு முன் பெறுவோருக்கு உத்தரவாத வரம்பு குறைக்கப்பட்டது. யுனைட்டட் திட்டம் முடிவுற்ற 2005இல், 65 வயதினருக்கு அவ்வரம்பு ஆண்டுக்கு 45,614 டொலர். 60 வயதினருக்கு 29,649 டொலர். அரசாங்கத்தின் ஒரு கை அறுபதில் வெளியே போ என்று தள்ளிற்று. மற்றக் கை, நீ நேரத்தோடு வந்துவிட்டாய் என்று சொல்லிப் பணத்தைக் குறைத்தது.

2007 டிசம்பர் 13ஆந் திகதி வயதெல்லை 65 ஆக்கப்பட்டது. இளைப்பாற்றுச் சம்பளம் இழந்த மூத்தோருக்கு இது சஞ்சீவி. ஆனால் அன்றைக்கு முன் அறுபதைக் கடந்து விலகியோருக்குப் பழைய எண் திரும்பக் கிடைக்கவில்லை. வேண்டுமானாற் புதியவராய் அடியிலிருந்து தொடங்கலாம். இளையோருக்கோ இது வேறுவகைத் தண்டனை. மேலே எவரும் விலகாதபோது கீழே எவரும் உயர்வதெப்படி? ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தால்தான் மற்றவர் அமரலாம் என்ற ஏற்பாட்டில், பறிகொடுத்த மூத்தவனும் காத்திருக்கும் இளையவனும் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டனர். பறித்தவர்கள் அவ்விடத்தில் இல்லை. எல்லையை 67 ஆக்கும் யோசனை 2023இற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது சங்கமே அதனை எதிர்த்தது. 2024இற் கையெழுத்தான சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

இன்று பெரிய கம்பனிகளில் விமானியின் பெயரிலேயே தனிக் கணக்கு உண்டு. டெல்டா சம்பளத்தின் நூற்றுக்கு 16க்குக் குறையாத தொகையை அதிற் செலுத்துகின்றது. கம்பனி வீழ்ந்தாலும் அப்பணம் விமானியோடு வரும். சந்தை வீழ்ந்தால் அந்த நட்டமும் அவனுடையதே. 2023இல் டெல்டா விமானிகள் நான்காண்டுகளில் நூற்றுக்கு 34 சம்பள உயர்வு தரும் ஒப்பந்தத்தையும் பெற்றனர். ஆகவே பொருளளவில் நிலைமை திருந்தியிருக்கின்றது எனலாம்.

ஆனால் எண் இன்னும் வாயிலைத் தாண்டவில்லை. அதே 2023இல், யுனைட்டட் கம்பனியின் கப்டன் வெற்றிடங்களில் ஏறத்தாழப் பாதி கேட்பாரின்றிக் கிடந்ததாகச் செய்தி வெளியாயிற்று. கப்டனாக உயரும் துணை விமானி கப்டன்களின் பட்டியலிற் கடைசி ஆளாவான். மூத்தோர் விரும்பாத தளமும், ஒதுக்குப் பட்டியலும், எப்போது ஒலிக்குமெனத் தெரியாத தொலைபேசியும், அடுக்குக் கட்டிலும் மீண்டும் அவனுக்கு வரும். கூடுதற் சம்பளத்தையும் பொன்னிறப் பட்டி ஒன்று கூடிய சட்டையையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அவர்களுட் பலர் வீட்டுக்கு அருகிலுள்ள தளத்தின் வலப்புற ஆசனத்திலேயே இருந்துவிட்டார்கள்.