கேளாமல் அளித்த தீர்ப்பு

கதைநூல் படிப்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அதிலும், இழந்த காதலையும் ஒளித்த பிள்ளையையும் பற்றிய கதையென்றால், கண்ணீர் வடிக்க விரும்புவோர் படிக்கட்டும் என்று தள்ளிவிடுவர். காணியும் சட்டமும் உரிமையும் பேச வேண்டிய ஏட்டில் அத்தகைய நூலொன்றைப் பற்றி நாம் எழுதுவது ஏன் என்று அவர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றே. சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிளீக் ஹவுஸ்' என்னும் நாவலில் காதலும் உண்டு, கண்ணீரும் உண்டு. ஆனால் அக்கண்ணீரின் ஊற்றுக்கண் நீதிமன்றத்திலும் பத்திரப் பெட்டியிலும் இருக்கின்றது. ஆகவே அந்நூலைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு.

இந்நாவல் 1852 மார்ச்சு மாதம் தொடங்கி 1853 செப்டெம்பர் வரை, மாதந்தோறும் பகுதி பகுதியாக இலண்டனில் வெளிவந்தது. இதனை எழுதியவர் சட்டத்தை வெளியே நின்று பார்த்தவரல்லர். 1827ஆம் ஆண்டில், பதினைந்து வயதுப் பையனாக, வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். 1844இல் தமது நூலொன்றைத் திருடி அச்சிட்டோர்மீது சான்செரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றவர். வென்று அவர் கண்ட பலன் என்ன? எதிராளிகள் வங்குரோத்தாயினர்; ஏறத்தாழ 700 பவுண் வழக்குச் செலவு வென்றவர் தலையிலேயே விழுந்தது! இத்தகையவர் நீதிமன்றத்தைப் பற்றி எழுதும்போது கற்பனைக்கு அதிக வேலை இருந்திராது.

கதையை அறியாதார்க்குச் சுருங்கக் கூறுவோம். டெட்லொக் சீமாட்டி, சேர் லெஸ்ரர் டெட்லொக் என்னும் பெருங்குடிப் பிரபுவின் மனைவி. திருமணத்துக்கு முன்னர் அவள் கப்டன் ஹோடன் என்னும் படைவீரனைக் காதலித்தாள். அவனுக்கு ஒரு பெண்குழந்தையும் பெற்றாள். குழந்தை பிறந்தவுடனே இறந்துவிட்டது என்று உடன்பிறந்த தமக்கையே அவளுக்குக் கூறிவிட்டாள். காதலனும் கடலில் மூழ்கி மாண்டான் எனப்பட்டது. உண்மையோ வேறு. குழந்தையை அத்தமக்கையே எடுத்துச் சென்று மறைவாக வளர்த்தாள். தன் உறவை அக்குழந்தைக்குச் சொல்லாமல், 'நீ உன் தாயின் அவமானம்' என்னும் நினைப்பை மட்டும் ஊட்டி வளர்த்தாள். அக்குழந்தையே எஸ்தர். தமக்கையோ இந்த மறைவைக் காப்பதற்காகத் தன்னை மணக்கவிருந்த பொய்தோர்ன் என்னும் நல்லவனையும் துறந்தாள். காரணமறியாத அவன் கடைசிவரை தனியனாகவே வாழ்ந்தான். ஓர் இரகசியம் எத்தனை வாழ்வைத் தின்றது என்று பாருங்கள்!

இக்கதையோடு கூடவே ஜாண்டிஸ் வழக்கும் நடக்கின்றது. ஒரு மரணசாசனத்தைப் பற்றிய வழக்கு அது. தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது. வழக்காளிகள் அதற்குள்ளே பிறக்கின்றனர், அதற்குள்ளே இறக்கின்றனர். அரசியலைத் தேடிப் படிப்போர் வழக்கின் கதையை ஏற்றுக்கொண்டு சீமாட்டியின் கதையைக் கண்ணீர்க்கதை என்பர். காதலைத் தேடிப் படிப்போர் சீமாட்டிக்காக அழுதுவிட்டு வழக்கின் பக்கங்களைப் புரட்டிவிடுவர். இரு திறத்தாரும் பாதி நூலையே படித்தவர் என்பது நமது கருத்து.

நாம் இதனைச் சான்றோடு கூறுகின்றோம். சீமாட்டியின் பழைய காதல் மீண்டும் அவள்முன் எழுவது எவ்வாறு? குடும்ப வழக்கறிஞர் டல்கிங்கோர்ன் அவள்முன் ஒரு சத்தியக்கடதாசியை வாசிக்கின்றார். அது ஜாண்டிஸ் வழக்கில் இடப்பட்ட சத்தியக்கடதாசி. அதனைப் பிரதி செய்த கையெழுத்தை அவள் காண்கின்றாள், காதலனின் கையெழுத்து! இறந்தான் எனப்பட்டவன் பெயரையும் மறைத்து, வழக்குப் பத்திரங்களைக் கூலிக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவனைத் தேடிச் சென்றபோது, பழம்பொருட் கடையொன்றின் மேலறையில், அபினின் மிகுதியால் பிணமாகக் கிடந்தான். அக்கடைக்காரன் குரூக் எழுத்து வாசிக்கத் தெரியாதவன். ஆயினும் கிடைக்கும் கடதாசியெல்லாம் சேர்த்துப் பூட்டி வைப்பவன். சீமாட்டி எழுதிய காதற் கடிதங்களும் அவன் கடையிலே கிடந்தன. ஜாண்டிஸ் வழக்கை முடிக்கக்கூடிய பிந்திய மரணசாசனமும் அங்கேயே கிடந்தது. அவன் இறந்தபின் இரண்டையும் கண்டெடுத்தவன் ஒரே ஆள், ஸ்மோல்வீட் என்னும் வட்டிக்காரன். காதலும் காணியும் ஒரே குப்பையில் மறைந்தன. ஒரே கையால் வெளிவந்தன. இரண்டுமே காலம் கடந்து வெளிவந்தன. மரணசாசனம் அகப்பட்டபோது சொத்து முழுவதையும் வழக்குச் செலவே விழுங்கியிருந்தது. அதனை நம்பியிருந்த றிச்சாட் என்னும் இளைஞன் அச்செய்தியோடு உயிர்விட்டான்.

கமக்காரரான நம் வாசகர்க்கு இந்நூலில் நெருங்கிய ஒருவனும் உண்டு. அவன் பெயர் கிரிட்லி. சுரொப்சயர் நாட்டுக் கமக்காரனின் மகன். தந்தையின் மரணசாசனப்படி அவனுடைய சகோதரனுக்கு 300 பவுண் சேரவேண்டும். அதில் ஒரு பகுதி முன்னரே சேர்ந்துவிட்டதா என்பதே பிணக்கு. வேறு பிணக்கு எதுவுமில்லை. இச்சிறு கேள்விக்குப் பதினேழு பேர் பிரதிவாதிகளாக்கப்பட்டனர். அவன் தன் தந்தையின் மகன்தானா என்று, எவருமே மறுக்காத ஒன்றை விசாரிக்க இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதன்பின், பிரதிவாதிகளின் தொகை போதாதென்று கண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். அதற்குள் செலவு மட்டுமே கேட்ட தொகையின் மும்மடங்காயிற்று. காணிப் பிரிவினை வழக்கில் பாட்டன் இட்ட கையொப்பத்துக்குப் பேரன் தவணை கேட்டு நிற்பதைக் கண்ட எவரும் கிரிட்லியை அந்நியனாகக் கருதமாட்டார். இது கற்பனையன்று, உண்மையில் நடந்ததொரு வழக்கைத் தழுவியதே என்று ஆசிரியர் 1853இல் எழுதிய முன்னுரையில் உறுதிகூறினார். இருபது ஆண்டுகளாக முடியாமல் 70,000 பவுண் செலவுண்ட வேறொரு வழக்கையும் அங்கே எடுத்துக்காட்டினார்.

இவ்விரு கதைகளையும் இணைக்கும் குற்றம் யாது? உரியவரைக் கேளாமல் விடுதல் என்பதே அக்குற்றம். நீதிமன்றம் கிரிட்லியின் சொல்லைக் கேளாமலே அவன் வாழ்வை முடித்தது. டெட்லொக் குடும்பத்தின் இரகசியமோ யாரைக் காப்பதற்கென்று பேணப்பட்டதோ அவரை ஒருநாளும் கேட்டதில்லை. சேர் லெஸ்ரரின் குலப்பெருமை கெடுமே என்று சீமாட்டி அஞ்சினாள். அவருடைய நலனே தமக்குப் பெரிதென்று சொல்லி, டல்கிங்கோர்ன் அவளை அச்சத்திலேயே வைத்திருந்தார். தாய் எஸ்தரைக் கண்டு கட்டித் தழுவியபோதும், இனி என்னை இறந்தவளாகவே கொள் என்று சொல்லிப் பிரிந்தாள். சேர் லெஸ்ரர் மன்னிக்கமாட்டார் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டனர். அவரிடம் கேட்டவர் ஒருவருமில்லை.

முடிவில் உண்மை அவர் காதுக்கு எட்டியது. அவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தார், பேச்சு அடங்கியது. அந்நிலையிலும் சிலேட்டில் எழுதி, மனைவியை முழுமையாக மன்னித்ததாகத் தெரிவித்து, அவளைத் தேடிவர ஆள் அனுப்பினார். பின்னர் பேச்சு ஓரளவு திரும்பியதும், வீட்டாரைச் சாட்சிகளாக வைத்து, தாம் தெளிந்த அறிவோடு பேசுவதாகவும், அவள்பொருட்டுச் செய்த ஏற்பாடு எதனையும் மாற்றவில்லை எனவும் கூறினார். மரணசாசனம் எழுதுவோரின் வாசகம் அது. நூல் முழுவதும் மனிதரை வதைத்த அதே சட்ட நடை, ஒரேயோர் இடத்தில் அன்பின் மொழியாகின்றது! ஆனால் சீமாட்டி அதனை அறியவில்லை. பனியும் குளிருமான இரவில் ஓடி, காதலனைப் புதைத்த ஏழைகளின் இடுகாட்டு வாயிலில், ஒரு தொழிலாளியின் மனைவியுடைய உடையோடு, அவள் இறந்து கிடந்தாள். அவளைக் கண்டெடுத்தவள் அவள் மகளே. கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மன்னிப்பைக் கேளாமலே அவள் மாண்டாள்.

குடும்ப மானத்தைத் தெருவில் போடச் சொல்கின்றீர்களா என்று சிலர் எம்மை வினவலாம். இல்லை. தன் துயரைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அயலாருக்கு அதனை அறியும் உரிமை இல்லை. ஆனால் எஸ்தரின் பிறப்பு எஸ்தருக்குச் சொந்தமானது. மனைவியை மன்னிப்பதா வேண்டாமா என்னும் தீர்ப்பு சேர் லெஸ்ரருக்குச் சொந்தமானது. பிறர் பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதற்கு மானம் என்று பெயரிடுவது நேர்மையாகாது.

சட்டத்தரணிகள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரல்லரோ, அவ்வாறாயின் டல்கிங்கோர்ன் செய்த குற்றமென்ன என்று நம் தொழில்துறையினர் வினவலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இது. கட்சிக்காரர் நம்பிக்கையோடு ஒப்படைத்த இரகசியத்தைக் காப்பது கடமை. எவரும் ஒப்படைக்காத இரகசியத்தை உளவறிந்து சேர்த்து, அதனால் ஒரு பெண்ணை ஆட்டிப்படைப்பது கடமையுமன்று, தொழிலுமன்று. அது அதிகார ஆசை. டல்கிங்கோர்ன் ஒரு பென்னியும் கேட்கவில்லை என்பதே அவரை மேலும் கொடியவராக்குகின்றது.

இத்தனைக்கும் பின்னால் சட்டமும் நின்றது என்பதை மறத்தலாகாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை எவருடைய பிள்ளையுமன்று என்பது அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டம். 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் அத்தகைய பிள்ளையின் சுமையைத் தாயின் தலையிலேயே ஏற்றியது. சமூகம் மூடச் சொன்னதைச் சட்டம் முத்திரையிட்டது. பெற்றோர் பின்னர் மணந்தால் பிள்ளைக்கு முறையான நிலை கிடைக்கும் என்பதற்கே 1926 வரை இங்கிலாந்து காத்திருந்தது. மரணசாசனமின்றி இறந்த பெற்றோரின் சொத்தில் அப்பிள்ளைகளுக்குப் பங்குரிமை தர 1969 வந்தது. சான்செரி தனி நீதிமன்றமாக இருந்த நிலையை 1873ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. ஒரு நாவல் இவற்றையெல்லாம் செய்துவிட்டது என்று நாம் மிகைப்படுத்தமாட்டோம். ஆனால் சட்டம் மாறுமுன் மனம் மாறவேண்டும். மனத்தை மாற்றும் வேலையில் இந்நாவலுக்குப் பங்குண்டு.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். தந்தை கடனுக்காகச் சிறைப்பட்ட 1824ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையில் தாம் கூலிவேலை செய்ததை டிக்கன்ஸ் வாழ்நாள் முழுதும் மறைத்தார். அவர் இறந்தபின், நண்பர் போஸ்டர் எழுதிய வரலாற்றினாலேயே உலகம் அதனை அறிந்தது. அறிந்த உலகம் அவரை இகழ்ந்ததா? முன்னினும் மிகுதியாக நேசித்தது! நாவலில் அவர் சீமாட்டிக்குக் காட்டிய உண்மையைத் தம் வாழ்வில் நம்ப அவருக்கே துணிவு வரவில்லை. இரகசியத்தின் வலிமை அத்தகையது.

நம் வாசகரில் பலருடைய வீட்டில் ஓர் உறுதிப்பெட்டி இருக்கும். அதில் காணி உறுதிகளோடு, பேசப்படாத ஒரு பெயரும், கிழித்தெறிய மனமில்லாத ஒரு கடிதமும் கிடக்கக்கூடும். உறுதிகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் நாள் வரும்முன், அந்தப் பெயர் எவருக்குச் சொந்தமானது என்று எண்ணிப் பாருங்கள். மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளித்தல் ஆகாது என்பதை நீதிமன்றத்துக்கு மட்டும் வகுத்த விதியாக நாம் கொள்ளவில்லை. அவ்விதி வீட்டுக்கும் உரியது.