ஜாயினிங் ஃபார்மில் மதம் எதற்கு?

குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. அன்றிலிருந்து பொங்கலூர், பல்லடம், அவிநாசிபாளையம் பக்கத்து மில்களின் ஹெச்.ஆர். நண்பர்கள் நம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: "அதிகாரிகள் வெளிமாநில ஆட்கள் லிஸ்ட் கேட்கிறார்கள் சார், மதத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா?" கூடாது. இதுவே நம் இதழின் நிலை.

காரணத்தைச் சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்வோம். 2025 ஜனவரியில் பல்லடம் வட்டாரத்தில் வங்கதேசத்தவர்கள் கைதானது உண்மை. போலி ஆதார் புழங்குவது டைம் ஆபீஸில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். எல்லாமே வதந்தி என்று தள்ளுகிறவர்கள் தங்கள் கட்சியைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள்.

ஆனால் அந்த உண்மையிலிருந்து எடுக்கும் முடிவுதான் நிற்கவில்லை. பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து, முஸ்லிம் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சந்தேகத்துக்குரியவர்கள் என்று வராது. ஆயிரம் பேர் மில்லில் வங்காளம், அசாமிலிருந்து வந்த முஸ்லிம்கள் நூற்றைம்பது பேர் என்றும், அவர்களில் ஒருவர் போலி ஆவணத்தோடு வந்தவர் என்றும் கொள்வோம். மதத்தை வைத்துப் பிரித்தால் ஒருவருக்காக நூற்று நாற்பத்தொன்பது இந்தியர்களைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றுகிறோம். அந்த ஒருவராவது கிடைப்பாரா? ஆதாரில் பெயரையும் ஊரையும் மாற்றத் துணிந்தவர் மதக் கட்டத்தில் மட்டும் மெய்யை எழுதுவாரா? அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் அவரேதான். உள்ளதை உள்ளபடி எழுதும் முர்ஷிதாபாத் பையன் பட்டியலில் ஏறுவான், தேடப்படுகிறவர் ஏறமாட்டார்.

அமெரிக்கா இதைச் செய்து பார்த்துவிட்டது. 2002இல் கொண்டுவந்த சிறப்புப் பதிவுத் திட்டத்தில் 25 நாட்டு ஆண்கள் நேரில் வந்து பதிய வேண்டும் என்றார்கள். அவற்றில் 24 முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடுகள். மீதி ஒன்று வடகொரியா. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று பதிந்தார்கள். பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதக் குற்றத்தில் ஒருவருக்கும் தண்டனை வாங்கித் தர அந்தப் பதிவு உதவவில்லை. 2011இல் திட்டத்தை நிறுத்தினார்கள், 2016 டிசம்பரில் விதிகளையே நீக்கினார்கள்.

இப்போது விலக்கு ஆணைக்கு வருவோம். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சி 2024 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு பாஸ்போர்ட், விசா நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. இதற்குச் சொல்லும் நியாயம் கருணை. பட்டியல் கேட்கும்போது சொல்லும் நியாயம் பாதுகாப்பு. பாதுகாப்புதான் அளவுகோல் என்றால் ஆவணமில்லாத எவர் வந்தாலும் ஆபத்து ஒன்றே. கருணைதான் அளவுகோல் என்றால் ரோஹிங்கியாவும் பாகிஸ்தானின் அகமதியாவும் அதற்குள் வரவேண்டும். ஆளுக்குத் தகுந்தபடி அளவுகோலை மாற்றினால் அதற்கு வாதம் என்று பெயரில்லை.

அதே ஆணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கும் விலக்கு உண்டு. குடியுரிமை இல்லை என்பது வேறு விஷயம், அது பெரிய அநியாயம். ஆனால் இந்த வரியில் மதம் இல்லை. எப்போது வந்தார், பதிந்தாரா என்ற இரண்டே கேள்விகள். அங்கே சைவரும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. மதத்தைக் கேட்காமலே ஒரு பாதுகாப்புச் சட்டம் தன் வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இந்த ஆணையே சாட்சி.

பட்டியலை எதிர்ப்பவர்களிடமும் சறுக்கல் உண்டு. மதத்தைக் கேட்டாலே அடுத்தது வதைமுகாம் என்று பேசுவது சரியல்ல. 1872 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறது. ஆனால் 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிநபர் விவரத்தை எவர் கைக்கும் தராமல் பூட்டி வைத்திருக்கிறது. நம் மில் எக்ஸெல்லுக்கு அப்படி எந்தப் பூட்டு இருக்கிறது?

ஜாயினிங் ஃபார்மில் மதம் வேண்டாம் என்றுதான் இந்த இதழ் ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறது. பி.எஃப். படிவம் 11 மதம் கேட்பதில்லை. இ.எஸ்.ஐ. கேட்பதில்லை. கேட்டு வந்தது 1972 கிராஜுவிட்டி விதிகளின் நாமினேஷன் படிவமான ஃபார்ம் எஃப்: முழுப் பெயர், பாலினம், மூன்றாவதாக மதம். அங்கிருந்துதான் நம் ஜாயினிங் ஃபார்முக்கு அந்த வரி இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஃபார்மிலிருந்து எக்ஸெல்லுக்கு ஏறிவிட்டது. ஏறியதை ஃபில்டர் போட்டுப் பிரிக்க ஒரு நொடி போதும். தொழிலாளியைச் சேர்க்க, சம்பளம் போட, ஷிஃப்ட் பிரிக்க, பையர் ஆடிட்டுக்குக் காட்ட எதற்கும் அது தேவையில்லை. வேலையில் மத பேதம் கூடாது என்னும் ஐ.எல்.ஓ. 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காக்க வேண்டியவர்கள் கைவிட்டதுதான் ஆற்றாமையைத் தருகிறது. 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் மத நம்பிக்கைக்குத் தனிப் பாதுகாப்பு இருந்தது. 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள். நாட்டின் பாதுகாப்பு என்று சொன்னால் அரசு அமைப்புகளுக்கு விலக்கும் கொடுத்துவிட்டார்கள். இங்கே கீழே என்ன நடக்கிறது? போனில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு காலி எக்ஸெல் வருகிறது, அதில் 'ரிலிஜன்' என்று ஒரு காலம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று அதில் இருக்காது, கையெழுத்து இருக்காது, முத்திரை இருக்காது. "லெட்டராகக் கொடுங்கள் சார்" என்று கேட்ட ஹெச்.ஆரிடம், "உங்க மில்லுல என்னத்த மறைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். நாளை ஏதாவது ஆனால் கேட்டவருக்கு ஆதாரம் இல்லை, கொடுத்தவர் மட்டும் மாட்டுவார்.

அப்படி ஆகக்கூடியது சிறிய விஷயமும் இல்லை. தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைப் புதிய சட்டமும் தொழிலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் குடும்பங்களை டெல்லியில் பிடித்து வங்கதேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். அந்த உத்தரவு செல்லாது, அழைத்து வாருங்கள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஹாஸ்டல்களிலும் பீர்பூம்காரர்கள் இருக்கிறார்கள்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை ஜாயினிங் ஃபார்ம் அச்சுக்குப் போகும்போது மதம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஃபார்ம் எஃப்-ஐத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள், எக்ஸெல்லில் ஏற்றாதீர்கள். முறைப்படி எழுத்தில் கேட்டால் பெயர், ஊர், ஆவண எண், சேர்ந்த தேதி கொடுங்கள், அது நம் கடமை. மதம் கேட்டு எழுத்தில் ஓர் ஆணை வந்தால், பதில் எழுதும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், நமக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.